பலவேசம் காருக்குக் கண் தெளிந்த கதை

நடுவக்காட்டில் யாருக்கும் அவசரம் என்று ஒன்று கிடையாது. அப்படி யாருக்காவது அவசரம் வந்தால் பலவேசத்தின் வாடகைக் காரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு அவசரம் தானாகவே தணிந்துவிடும்.

கார் பலவேசத்துடையதுதான். ஆனால் அவன் தனியாக ஓட்டுகிற ஆள் இல்லை. வண்டியை எடுத்தால், வழி சொல்வதற்கென்று மூக்காண்டி அண்ணாச்சி முன்சீட்டில் ஏறிக்கொள்வார். பின்சீட்டில் இடது ஜன்னல் ஓரம் தவசிக்கண்ணு. இடது பக்கம் வருவதை அவன் பார்த்துக்கொள்வான். வலது ஜன்னல் ஓரம் லூர்துராசு. வலது பக்கம் அவன் பொறுப்பு. பின்னால் வருவதைப் பின்னால் வருகிறவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

ஆகவே சவாரிக்கு வருகிறவருக்குப் பின்சீட்டு நடுவில் ஓர் இடம் மிஞ்சும். குடும்பமாகக் கல்யாணத்துக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோய் இறக்குவார்கள். கடைசி ஆளை இறக்கும்போது, முதலில் போனவர் சாப்பிட்டு, மொய் எழுதி, தாம்பூலப் பையோடு திரும்பி வரக் காத்துக்கொண்டிருப்பார். "பந்தியில இடிபாடு இல்லாமச் சாப்பிடலாம்லா" என்பார் மூக்காண்டி.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த காருக்குக் கண்ணில்தான் கோளாறு வந்தது. ஹெட்லைட்டின் மேலே இருக்கிற பிளாஸ்டிக் மூடி, வெயிலில் கிடந்து கிடந்து முதலில் மஞ்சளடித்தது. பிறகு பழுப்பேறியது. ஒருநாள் பார்த்தால் மஞ்சள்காமாலை கண்டவன் கண் மாதிரி ஆகிவிட்டது. லைட்டைப் போட்டால் வெளிச்சம் பம்பர் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுகொள்ளும். லைட் எரிகிறதா என்று பார்ப்பதற்கு இன்னொரு லைட் வேண்டியிருந்தது.

சேந்தன்குளத்தில் பலவேசத்தின் மாமனார் வீட்டுக் கோயில் கொடைத் திருவிழா. போய்விட்டுத் திரும்பும்போது பொழுது அடைந்துவிட்டது. அன்றைக்கு நடுசீட்டில் இருந்தது வாடகை ஆள் இல்லை; பலவேசத்தின் மனைவி மாடத்தி. மடிப்புக் கலையாத புதுப் பட்டு. நடுவக்காட்டிலேயே விவரமான பெண்பிள்ளை என்று பெயர் வாங்கியவள் அவள்தான்.

கார் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. பாதையே தெரியவில்லை என்று பலவேசம் நிறுத்திவிட்டான்.

"நீ ஒண்ணுக்கும் கவலப்படாதடே" என்றார் மூக்காண்டி. "நான் டார்ச் லைட்டை அடிச்சுக்கிட்டு முன்னால நடக்கேன். நீ டார்ச்சை விட்டுக் கண்ணை எடுக்காத. அது போற எடத்துக்கு நீ வா."

நல்ல யோசனைதான். அண்ணாச்சி முன்னே நடந்தார், கார் பின்னே ஊர்ந்தது. ஆனால் கொடையில் பானகத்தைச் செம்பு செம்பாகக் குடித்த வயிறு ரொம்ப நேரம் பொறுக்குமா? கொஞ்ச தூரம் போனதும் அண்ணாச்சி பாதையை விட்டு இறங்கி, பக்கத்திலிருந்த வாழைத் தோட்டத்துக்குள் ஒதுங்கினார். டார்ச்சும் அவரோடு போயிற்று.

பலவேசம் சொன்ன சொல் தவறாதவன். கண்ணை எடுக்கவில்லை.

முதல் வாழை சாய்ந்த சத்தத்தில் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். கார் தன்னைத் தேடி வருவதைக் கண்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தார். "அண்ணாச்சிக்கு ஏதோ அவசரம் போலிருக்கு" என்று பலவேசம் கியரை மாற்றினான். டார்ச் எவ்வளவு வேகமாகப் போனதோ, காரும் அவ்வளவு வேகமாகப் போயிற்று. வாய்க்கால் குறுக்கே வந்திராவிட்டால் அண்ணாச்சியை அடுத்த ஊர் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருப்பான்.

கார் நின்றபோது மாடத்தியின் மடியில் ஒரு வாழைப்பூ கிடந்தது. பட்டுச் சேலை முழுக்க வாழைக்கறை. சாய்ந்து கிடந்த வரிசை வேறு யாருடையதும் இல்லை. அவளுடைய அப்பா கொம்பையாவுடையது.

அவள் கத்தவில்லை. இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, காருக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள்:

"இந்தா பாருங்க. இனி இந்தக் கார்ல நான் ஏறணும்னா, நாம எதுல மோதப் போறோம்ங்கிறது மோதுறதுக்கு முன்னாடி என் கண்ணுக்குத் தெளிவாத் தெரியணும். அன்னைக்கு வந்து கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் எங்க அய்யா வீட்டுலதான்."

சொல்லிவிட்டு, வாழைப்பூவையும் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

வீட்டில் பலவேசம் ஒண்டிக்கட்டை ஆனான். மாடத்தி இருந்தால் விடிந்ததும் விடியாததுமாக ஒரு ஏச்சு விழும். வேட்டியைத் தொங்கப்போட்ட இடம், செருப்பைக் கழற்றிய இடம், எல்லாவற்றுக்கும் உண்டு. இப்போது செருப்பை வீட்டு நடுவிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மாடத்தி வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நாலு பேருமாகப் போய்ச் சாகுல் பாயைப் பார்த்தார்கள். பெரிய ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர். அன்றைக்கு ஒரு லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தார். தலையை மட்டும் வெளியே நீட்டி ஹெட்லைட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"தேய்ச்சாப் போயிரும். சுத்தி டேப்பை ஒட்டிக்கிடுங்க, பெயிண்ட்ல கீறல் விழாம. தண்ணிய விட்டு வாட்டர் பேப்பர்ல, அதான் நைஸ் உப்புத்தாள்ல, தேய்ங்க. முதல்ல இருந்ததைவிட மோசமாத் தெரியும், பயந்துராதீங்க. மோசமாச்சுன்னா சரியாப் போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பெறவு பல்லு விளக்குற பேஸ்ட்டைப் போட்டு விளக்குங்க. புதுசு மாதிரி ஆகிற வரைக்கும் விடாதீங்க. வெயில்ல மட்டும் காட்டாதீங்க, வெயில்தான் அதைக் கெடுக்குது."

"அப்படியும் சரியா வரலன்னா, பாய்?" என்று கேட்டான் பலவேசம்.

"அப்பம் புதுசு வாங்கிற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வேலை அன்றைக்கே ஆரம்பமாயிற்று. டேப் ஒட்டும் பொறுப்பை லூர்துராசு ஏற்றுக்கொண்டான். இடது ஹெட்லைட்டில் தொடங்கி, சுற்றி ஒட்டவேண்டும் என்று பாய் சொன்னார் அல்லவா, அதன்படி இடது கதவு, பின்கதவு, டிக்கி, வலது கதவு என்று ஒட்டிக்கொண்டே வந்து வலது ஹெட்லைட்டில் முடித்தான். ஒரு சுற்று போதுமா என்று சந்தேகம் வந்து, மறுபடியும் ஒரு சுற்று ஒட்டினான்.

"தவசியை எங்க காணோம்?" என்று மூக்காண்டி கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவன் வழக்கம்போல் ஏறித் தன் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். கதவுகள் ஒன்றும் திறக்கவில்லை.

"உள்ள மாட்டிக்கிட்டியாடே?"

"நான் எங்க மாட்டுனேன்? நீங்கள்லாதான் வெளிய மாட்டிக்கிட்டீங்க" என்றான் தவசிக்கண்ணு. "ஆனா இடது பக்கம் பத்திரமா இருக்கு அண்ணாச்சி."

தேய்த்து முடிகிற வரைக்கும் டேப்பைப் பிரிக்கக்கூடாது என்பதால், சாப்பாட்டை ஜன்னல் வழியாகவே கொடுத்தார்கள்.

வாட்டர் பேப்பரால் தேய்த்தார்கள். மஞ்சளாக இருந்தது வெள்ளையாகி, சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆயிற்று. பலவேசம் பதறினான்.

"அண்ணாச்சி, முன்னைக்கு இப்பம் ரொம்ப மோசமால்லா இருக்கு!"

மூக்காண்டியின் முகம் மலர்ந்தது. "மோசமா இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"ரொம்ப மோசம்."

"அப்பம் சரியாப் போய்க்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ங்கடே."

அன்றிலிருந்து அவர்களுக்கு எதிலும் மனக்கஷ்டம் இல்லாமல் போயிற்று. சாயங்காலம் லைட்டைப் போட்டுப் பார்ப்பார்கள். லூர்துராசு முன்னால் நிற்பான்; ஸ்டியரிங்கில் இருக்கிற பலவேசத்திடம் மூக்காண்டி கேட்பார்: "ஏலே, தெரியுதா?" "ஒண்ணும் தெரியல." "நேத்தைக்கு இருந்ததைவிட மோசமா?" "ஆமா." "ஆண்டவன் கண் திறந்துட்டான்டே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

அடுத்தது பேஸ்ட். இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. காரின் பானட்டைச் சுற்றி உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள்.

"காலையில மட்டும் விளக்கினாப் போதுமா, ராத்திரியும் உண்டா?" என்றான் தவசிக்கண்ணு. தேய்ப்பு முடிந்து, டேப்பைப் பிரித்து அவனை வெளியே எடுத்தாகிவிட்டது.

"ராத்திரி அது என்னத்தைத் திங்குது, விளக்குறதுக்கு?" என்றான் லூர்துராசு.

"பூச்சி திங்குதுலா? லைட்டைப் போட்டா வந்து வந்து விழுதே, அதெல்லாம் எங்க போகுதுங்க?"

லூர்துராசு குனிந்து லைட்டுக்குள் பூச்சியைத் தேடிப் பார்த்தான்.

"ரெண்டு நேரமும் விளக்கணும்" என்று மூக்காண்டி தீர்ப்புச் சொன்னார். "காலையில பெட்ரோல் போடுறதுக்கு முன்னாடி. வெறும் வயித்துல."

"ஒரு பிரஷ்ல ரெண்டு பேர் விளக்கலாமா அண்ணாச்சி?"

"சீச்சீ. ஆளுக்கு ஒண்ணு வாங்கு."

இடது லைட்டுக்குப் பச்சைப் பிரஷ், வலதுக்குச் சிவப்புப் பிரஷ். நுரை பொங்கப் பொங்க விளக்கினார்கள். விளக்கின பிறகு வாய் கொப்புளிக்க வேண்டுமே. இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால் நின்று காரைப் பிடித்துக் குலுக்குவார்கள். பிறகு தண்ணீர் ஊற்றுவார்கள். காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெட்ரோல் பங்க்கில் "பல்லு விளக்கியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் குழாயை எடுக்கிற வழக்கம் ஏற்பட்டது.

வெயில் விஷயத்திலும் கறாராக இருந்தார்கள். காலையில் கிழக்கே போகிற சவாரி என்றால் சூரியன் நேராக லைட்டில் அடிக்கும். அதனால் காரைத் திருப்பிப் பின்பக்கமாகவே ஓட்டினார்கள். சாயங்காலம் மேற்கே போனாலும் அதே கதைதான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாத்தியார் ஒருவர், "நான் போற எடமே தெரியலையேப்பா" என்று சடைத்துக்கொண்டார். "கிளம்புன எடம் தெரியுதுலா சார்? வீட்டைப் பூட்டினோமான்னு பாத்துக்கிட்டே போகலாம்" என்றார் மூக்காண்டி. வாத்தியார் எட்டிப் பார்த்தார். பூட்டவில்லை. இறங்கி ஓடினார்.

உச்சிவேளையில் மட்டும் சூரியன் தலைக்கு மேலே இருப்பதால் லைட்டில் படாது. ஆகவே அந்தக் கார் எந்தத் திசையிலும் முன்பக்கமாக ஓடுகிற நேரம் நடுப்பகல் ஒன்றுதான்.

இதற்குள் சேந்தன்குளத்துப் பஸ் கண்டக்டர் ஒரு சேதி கொண்டுவந்தார். மாடத்தி தையல் மிஷின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாளாம். ஆடி முடிவதற்குள் புருஷன் வந்து கூப்பிடவில்லை என்றால், மிஷினை வாங்கி அப்பா வீட்டு நடையிலேயே போட்டு உட்கார்ந்துவிடுவாளாம்.

பலவேசத்துக்குத் திக்கென்றது. கோபத்தில் போனவள் திரும்பி வருவாள். தையல் மிஷின் வாங்கிப் போட்டவள் எப்படி வருவாள்? அந்தக் கனத்தை யார் தூக்குவது?

"அண்ணாச்சி, புதுசே வாங்கிருவோம்" என்றான்.

மறுபடியும் பானட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"புதுசு வாங்கலாம்" என்றார் மூக்காண்டி மெதுவாக. "ஆனா பாய் சொன்னதை யோசிங்க. சரியா வரலன்னாத்தான் புதுசு. சரியா வரலன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"லைட்டு எரிய மாட்டேங்குதே."

"அது மோசம். மோசம்னாச் சரியாப் போகுதுன்னு அர்த்தம்."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"பாய் என்ன சொன்னாரு? புதுசு மாதிரி ஆகிற வரைக்கும் விடாதீங்கன்னாரு" என்றான் லூர்துராசு. "புதுசு எப்படி இருக்கும்னு நம்மள்ல எவன் பாத்திருக்கான்?"

யாரும் பார்த்ததில்லை. கார் வாங்கும்போதே பழசு. இத்தனை நாளும் எது மாதிரி ஆக வேண்டும் என்று தெரியாமலேயே தேய்த்திருக்கிறோம் என்பதை நினைத்து நாலு பேருக்கும் வெட்கமாகப் போயிற்று.

டவுனுக்குப் போய் ஒரு ஜோடி புது ஹெட்லைட் வாங்கி வந்தார்கள், மாதிரிக்கு. பெட்டியைத் திறந்ததும் ஊற்றுத் தண்ணீரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவற்றைப் பானட்டின் மேல் ஒரு துண்டை விரித்து வைத்து, பக்கத்தில் பழசைக் கழற்றி வைத்து, ஒரு தேய்ப்பு தேய்ப்பார்கள், ஒரு பார்வை பார்ப்பார்கள்.

புதுசையே பார்த்துக்கொண்டிருந்த பலவேசத்துக்கு ஒரு நினைப்பு ஓடியது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கப்படாது. இந்தப் புதுசையே கார்ல மாட்டினா என்ன?"

மூக்காண்டி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மாட்டிட்டு? பழசைத் தேய்க்கும்போது எதைப் பாத்துத் தேய்ப்ப?"

பலவேசத்துக்குத் தன் அறிவீனம் உறைத்தது. பெண்டாட்டியைப் பிரிந்திருக்கிறவன், ஏதோ மனசு சரியில்லாமல் பேசுகிறான் என்று மற்றவர்களும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தேய்த்தார்கள், தேய்த்தார்கள். பழசு புதுசு மாதிரி ஆவதாக இல்லை. கை ரேகைதான் அழிந்தது. கடைசியில் தவசிக்கண்ணுதான் முடிச்சை அவிழ்த்தான்.

"நமக்கு என்ன வேணும்? ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும். அவ்வளவுதான? வித்தியாசம் ரெண்டுக்கும் நடுவுலல்லா இருக்கு? ஒண்ணையே போட்டுத் தேய்ச்சா எப்படிப் போகும்? அந்தப் பக்கமும் தேய்க்கணும்லா!"

இத்தனை நாளும் இது தோன்றாமல் போயிற்றே என்று மூக்காண்டி நெற்றியில் அடித்துக்கொண்டார். உடனே புதுசை எடுத்தார்கள். முரட்டு உப்புத்தாளைப் போட்டு ஒரு பிடி பிடித்தார்கள். என்ன ஆச்சரியம்! பழசில் வாரக்கணக்கில் வராத பலன் புதுசில் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. நாலையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு துளி வித்தியாசம் இல்லை. எது புதுசு, எது பழசு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"புதுசு மாதிரியே ஆயிருச்சு" என்று பெருமூச்சு விட்டார் மூக்காண்டி.

கைக்கு வந்த இரண்டைக் காரில் மாட்டினார்கள். மிச்சம் இரண்டை, இனிமேல் மாதிரி தேவைப்படாது என்பதால், மூக்காண்டி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பல்லாங்குழிச் சோழி போட்டு வைத்தார்.

அன்று சாயங்காலம் லைட்டைப் போட்டார்கள். வெளிச்சம் இப்போது பம்பர் வரைக்கும்கூட வரவில்லை. பலவேசம் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டான். மோசமாகிறது, சரியாகிறது என்றெல்லாம் இனி அவனைத் தேற்ற முடியவில்லை. ஆடியில் இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. மனக்கண்ணில் அந்தத் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் நடுப்பகல். பலவேசம் காரில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருந்தான். ஏதோ கைப்பழக்கத்தில் ஹெட்லைட் சுவிட்சைப் போட்டான். நிமிர்ந்து முன்னால் பார்த்தான்.

அடிபம்பு தெரிந்தது. அதில் தண்ணீர் குடிக்கிற ஆடு தெரிந்தது. ஆட்டின் காதில் கட்டியிருந்த சிவப்பு நூல் தெரிந்தது.

"அண்ணாச்சி!" என்று அலறினான். "லைட்டு! லைட்டு!"

மூன்று பேரும் ஓடி வந்தார்கள். லூர்துராசு போய் முன்னால் நின்றான். மூக்காண்டி பலவேசத்தைக் கேட்டார்:

"தெரியுதா?"

"தெரியுது. அவன் சட்டையில பித்தான் இல்லாததுகூடத் தெரியுது!"

"இன்னும் தள்ளிப் போ."

அவன் அரசமரம் வரைக்கும் போனான். தெரிந்தான். கண்மாய்க் கரை மேல் ஏறி நின்றான். அப்போதும் தெரிந்தான். "மேல பாருங்க" என்றான் தவசிக்கண்ணு மெல்லிய குரலில். "கோயில் கோபுரத்துச் சிலைகூடத் தெரியுதே."

"இவ்வளவு வெளிச்சம் நான் எந்தக் கார்லயும் கண்டதில்லடே" என்றார் மூக்காண்டி.

திரும்பி வந்த லூர்துராசு கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. "ஒரு தடவை அணைச்சுப் பாப்போமா அண்ணாச்சி?"

"கூறுகெட்டவனே. இவ்வளவு பாடுபட்டு எரியிற லைட்டை எவனாவது அணைப்பானாலே?"

அணைக்கவில்லை. எரியவிட்டபடியே சேந்தன்குளத்துக்குக் கிளம்பினார்கள். உச்சிவேளை அல்லவா, முன்பக்கமாகவே போனார்கள்.

கொம்பையா வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. மாடத்தி வெளியே வந்தாள். பலவேசத்தைப் பார்த்தாள். இளைத்துப்போயிருந்தான். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். வாய் வரை வந்த ஏச்சை அடக்கிக்கொண்டு, நேராக ஹெட்லைட்டுக்குப் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சுடுது. எரியத்தான் செய்யுது" என்றாள். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து எதிரே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எல்லாம் தெரியுதே!" என்றாள் கடைசியில். அவளுக்கும் அவனை ஏசாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

கொம்பையா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஏட்டி, இது பகல்லா?"

"பகல்லயே தெரியாத லைட்டு ராத்திரில எப்படிய்யா தெரியும்?" என்றாள் மாடத்தி. "முதல்ல பகல்ல சரியாகட்டும்."

விவரமான பெண் என்று ஊரே சொல்கிறது; அப்பா எப்படி எதிர்த்துப் பேசுவது? கொம்பையா மருமகன் கூட்டத்துக்கு மோர் கொடுக்கச் சொன்னார். வெயில் தாகத்தில் மூக்காண்டி மட்டும் ஐந்து செம்பு குடித்தார்.

கிளம்பும்போது அவர் காரில் ஏறவில்லை. பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

"போன தடவை உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லி, பாதியில விட்டுட்டேன். அது என் மனசை அறுத்துக்கிட்டே இருக்கு. இன்னைக்கு முழுசா முடிக்கேன். டார்ச்சை விட்டுக் கண்ணை எடுக்காத, பலவேசம்."

டார்ச்சைப் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். கார் பின்னே ஊர்ந்தது. முன்சீட்டில் மாடத்தி, அவள் மடியில் துணிப்பை. பின்னால் இடது பக்கம் தவசி, வலது பக்கம் லூர்துராசு. கொம்பையாவும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குறுக்கு வழியாகத் தோட்டத்தைப் பார்க்க நடையைக் கட்டினார்.

ஐந்து செம்பு மோர். வாழைத் தோட்டம் வந்ததும் அண்ணாச்சி ஒதுங்கினார். டார்ச் பாதையை விட்டு இறங்கியது. காரும் இறங்கியது.

"நில்லுங்க!" என்றாள் மாடத்தி.

பலவேசம் பிரேக்கை மிதித்தான்.

"என்ன?"

"முன்னால ஒண்ணு நிக்கி."

"என்னதுன்னு தெரியுதா?"

"வாழை. ரஸ்தாளி. அய்யா வச்சது. போன தடவை தப்பிச்சுதுலா, அந்த வரிசை."

"தெளிவாத் தெரியுதா, மாடத்தி?"

"இலையில ஓடுற எறும்பு தெரியுது" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு பேச்சுக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு, இந்த மனுசன் எத்தனை நாள் தேய்த்திருக்கிறான்!

"அப்பம் போகட்டுமா?"

"போங்க" என்றாள். "நான் கேட்டது இவ்வளவுதான?"

பலவேசம் சந்தோஷமாகக் கியரைப் போட்டான். முதல் வாழை சாய்ந்தது. மாடத்தி நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். "அடுத்ததும் ரஸ்தாளிதான்... அதுக்கு அங்கிட்டு குலை தள்ளுனது ஒண்ணு... பெறவு முட்டுக்கம்பு..." அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் சொன்னபடியே வந்து சாய்ந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பின்சீட்டிலிருந்து தவசியும் லூர்துராசும் கைதட்டினார்கள்.

"பெறவு வாய்க்கால்" என்றாள் மாடத்தி. "வாய்க்காலுக்கு இங்கிட்டு அய்யா நிக்காரு."

கொம்பையாதான். உச்சி வெயில் கண்ணில் அடிக்காமல் ஒரு கையை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி என்னவோ கத்திக்கொண்டிருந்தார்.

பலவேசத்துக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மன்னிச்சுக்கிடுங்க மாமா, கண்ணு கூசுதோ?" என்று கேட்டுவிட்டு, மரியாதைக்கு ஹெட்லைட்டை டிம் பண்ணினான்.